காட்டுப் பன்றியும் காப்பீட்டுப் பத்திரமும்

மனிதன் வழி வகுத்த நாள்தொட்டு விலங்கும் அவ்வழியைக் கடந்தே வருகின்றது. மாட்டு வண்டி ஊர்ந்த காலத்தில் இவ்விரண்டிற்கும் பெரும்பகை நேர்ந்ததில்லை. எருதின் செவி வண்டியோட்டியின் கண்ணினும் கூரியதாகலின், புதரிற் சலசலப்புக் கேட்ட மாத்திரத்தில் அது தானே நின்றுவிடும்; விலங்கும் தன் வழியே போய்விடும். மோட்டார் வண்டிக்கோ செவியில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகின்றது. விளக்கொளியில் தோன்றிய விலங்கைக் கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் தடையை மிதிப்பதற்குள் இடைவெளியிற் பெரும்பகுதி தீர்ந்து போகின்றது.

இங்ஙனம் காட்டு விலங்கு மோதி வண்டிக்கு நேரும் நஷ்டத்தை யார் ஏற்பது? இவ்வினாவிற்கு நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் இருவகை விடைகள் கேட்கின்றோம். ‘காட்டு மிருகம் இடித்தால் இன்ஷ்யூரன்ஸ் கிடையாது’ என்பார் ஒரு சாரார். ‘இன்ஷ்யூரன்ஸ் உள்ள வண்டிக்கு என்ன வந்தாலும் பணம் வந்துவிடும்’ என்பார் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தா. உண்மை யாதென்பதை நைனார்பாளையத்துச் சாலையில் ஓரிரவு யாம் நேரிற் கற்றோம். படிக்கப் படாத ஒரு பத்திரம் எத்துணைக் குடும்பங்களின் பிழைப்பைத் தாங்கவும் தவிர்க்கவும் வல்லது என்பதை அன்று கண்டமையால், அதனை நம் கல்லூரி அன்பர்க்கு உரைக்கத் துணிந்தோம்.

நைனார்பாளையம் சின்னசேலம் வட்டத்தைச் சேர்ந்த ஊர். 1993 வரை தென்னார்க்காட்டிலும், அதன்பின் விழுப்புரத்திலும் அடங்கியிருந்த இப்பகுதி, 2019-ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதனுட் சேர்ந்தது. வடமேற்கே நோக்கினால் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய கல்வராயன் மலை நீலநிறத் திரைபோல் நிற்கும். கோமுகி, மணிமுத்தா என்னும் ஆறுகள் அம்மலையிற் பிறந்து கீழ்நாட்டை வளப்படுத்துகின்றன. மலைமேல் வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் மரவள்ளியும் விளைவிப்பர். கீழ்நாட்டிலோ கரும்பும் பருத்தியும் மரவள்ளியும் உண்டு. எனினும் சின்னசேலத்தைச் சூழ்ந்த மானாவாரி நிலங்களில் மக்காச்சோளமே இந்நாளில் மிகுதி. புரட்டாசியில் விதைத்துத் தையில் அறுப்பர்.

மக்காச்சோளம் ஆளுயரம் வளர்ந்த பின்னர் அக்கொல்லை காட்டுப் பன்றிக்கு உணவும் உறையுளும் ஒருங்கே ஆகிவிடுகின்றது. பகலெல்லாம் உள்ளே பதுங்கியிருந்து இரவில் கதிரை முறித்து உண்ணும். காவலிருக்கும் குடியானவர் தகரம் தட்டியும் வெடி வெடித்தும் விரட்டினாலும், வரப்பைத் தாண்டி மற்றொரு கொல்லையிற் புகுமேயன்றி மலைக்குத் திரும்புவதில்லை. தை பிறந்து அறுவடை தொடங்கியதும், ஒரு கொல்லை வெளியாக, அதிலிருந்த பன்றிக் கூட்டம் அறுக்கப்படாத அடுத்த கொல்லையைத் தேடி இடம் பெயரும். இரு கொல்லைகளுக்கும் இடையே சாலை கிடப்பின் அதனைக் கடந்தே தீரும். தைத் திங்களிற் சாலையிற் பன்றி மிகுதியாகத் தென்படுவதற்கு இதுவே காரணமென்று அவ்வூர் முதியோர் எமக்கு உரைத்தனர். மேலும், அதன் உடல் கரியது, தாழ்ந்தது; மானின் கண்போல அதன் கண் விளக்கொளியில் ஒளிர்வதுமில்லை. வளர்ந்த பன்றியொன்று 100 கிலோ எடையை எட்டுவதும் உண்டு. இருளில் உருண்டு வரும் பாறையை ஒப்பது அது.

சென்ற ஆண்டுத் தைத் திங்களில் யாம் மூவர், கல்லூரியில் உடன் பயின்றோர், நைனார்பாளையத்தில் நண்பரொருவரின் புதுமனை புகுவிழாவிற்குச் சென்றிருந்தோம். மூவருள் ஒருவர் பள்ளி ஆசிரியர், வண்டி அவருடையது, அதனைச் செலுத்தியவரும் அவரே. இரவு ஒன்பது மணியளவில் விருந்துண்டு விடைபெற்றுச் சின்னசேலம் நோக்கிப் புறப்பட்டோம். ஊரைக் கடந்து சிறிது தொலைவு வந்த அளவில், இடப்புறக் கொல்லையிலிருந்து தாய்ப்பன்றி ஒன்று குறுக்கே பாய்ந்தது. வேகம் குறைவாயிருந்தும் மோதலைத் தவிர்க்க இயலவில்லை. வண்டியின் முன்புறம் நொறுங்கிற்று. அடியிலிருந்து ஆவியுடன் நீர் பெருகிற்று. பன்றி சாலையோரத்தில் விழுந்து அடங்கியது.

ஒரு பன்றி கடந்தால் அதன் பின்னே கூட்டம் வரும் என்பது மலையடிவாரத்தார் யாவரும் அறிந்ததே. அவ்வாறே பின்வந்தவை சிதறி ஓட, எதிரே சோள மூட்டைகளுடன் வந்துகொண்டிருந்த ஒரு சிறு சரக்கு மோட்டார் அவற்றிற்கு ஒதுங்கிப் பள்ளத்திற் சரிந்து ஒருபக்கமாய்ச் சாய்ந்தது. ஊரார் ‘குட்டியானை’ என்று அழைக்கும் வகை வண்டி அது. யாம் ஓடிச்சென்று அதன் கதவைத் திறந்து ஓட்டியை வெளிக்கொணர்ந்தோம். அவ்வூர் இளைஞர், மணிக்கட்டு வீங்கியதன்றி வேறு ஊறில்லை. எழுந்து நின்றதும் அவர் தம் கையைப் பார்க்கவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ‘மாசத் தவணைக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்குதுங்களே’ என்ற ஒரு சொல்லே அவர் வாயினின்று வந்தது.

ஓசை கேட்டு ஊரார் திரண்டனர். வந்தவருள் சிலர் கோணிப்பையும் அரிவாளும் கொண்டுவந்து, பன்றியை எடுத்துச் செல்ல முனைந்தனர். கூட்டத்தில் நின்ற பெரியவர் ஒருவர், ‘எவனும் தொடாதீங்கப்பா, நாளைக்கு எல்லாருமா கோர்ட்டு வாசல்ல நிக்கணும்’ என்று தடுத்தார். அவர் சொல் சட்டத்திற்கு முற்றும் இசைந்ததே. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி, பட்டியலிற் கண்ட காட்டு விலங்கு கொல்லப்பட்டதாயினும் இறந்து கிடந்ததாயினும் அது அரசின் உடைமை. அதனைக் கைக்கொண்டவர் எவராயினும் 48 மணி நேரத்திற்குள் போலீஸ் நிலையத்திற்கேனும் உரிய அதிகாரிக்கேனும் அறிவித்தல் வேண்டும். காட்டுப் பன்றி முன்னர் இச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இரண்டாம் அட்டவணையிற் சேர்ந்தது. வனத்துறைக்கும் போலீஸாருக்கும் அப்பொழுதே தகவல் கொடுத்தோம். வண்டி நின்ற நிலையையும் விலங்கையும் தடம் பதிந்த இடத்தையும் கைப்பேசியிற் படம் எடுத்துக்கொண்டோம். பின்னர் இப்படங்களே எமக்குப் பெருஞ்சான்று ஆயின.

அன்றிரவு ஒரே கூட்டத்துப் பன்றிகளால் இரு வண்டிகள் பழுதுற்றன. அவ்விரண்டிற்கும் இன்ஷ்யூரன்ஸ் உண்டு. இரண்டும் நடப்பில் இருந்தவை. ஆயினும் ஒன்றிற்குப் பணம் வந்தது. மற்றொன்றிற்கு ஒரு காசும் வரவில்லை. இவ்வேற்றுமை எங்ஙனம் வந்தது என்பதை இனி விளக்குவாம்.

மோட்டார் வண்டிக்குச் சட்டம் கட்டாயமாக்கிய காப்பீடு பிறர்பொருட்டு ஏற்பட்டது. வண்டி வைத்திருப்பவன் வழிப்போக்கன் மேல் ஏற்றிவிட்டு, ‘என்னிடம் பணமில்லை’ என்று கைவிரித்தால் அடிபட்டவன் குடும்பம் யாது செய்யும்? இவ்விடரை நீக்கவே இங்கிலாந்தில் 1930-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் எட்டாம் அதிகாரம் அதனை மேற்கொண்டது. அவ்வதிகாரம் 1946-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. இப்பொழுதுள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146, 147-ஆம் பிரிவுகள் அதன் வழிவந்தவை. இவற்றின்படி பெறும் பத்திரம் ‘மூன்றாம் தரப்பு’ எனப்படும். வண்டிக்காரர் முதல் தரப்பாக, காப்பீட்டுக் கம்பெனி இரண்டாம் தரப்பாக, அவ்வண்டியால் ஊறுபட்ட பிறர் மூன்றாம் தரப்பாவர். பிறர் உயிருக்கும் உடலுக்கும் உடைமைக்கும் நேர்ந்த கேட்டிற்கு இது ஈடு தரும். வண்டிக்கு நேர்ந்த கேட்டைப் பற்றி இப்பத்திரம் வாய் திறவாது. இதனுடன் வண்டியை ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்ச ரூபாய்க்குரிய தனிநபர் விபத்துக் காப்பும் 2018-ஆம் ஆண்டிறுதி தொடங்கிச் சேர்க்கப்பட்டு வருகின்றது. அஃதும் உயிரிழப்பிற்கும் உறுப்பிழப்பிற்குமே உதவுவது.

குட்டியானையின் உரிமையாளரிடம் இருந்தது இப்பத்திரமே. வண்டி வாங்கிய முதலாண்டில் கடன் கொடுத்தோர் முழுக்காப்பு வேண்டுமென்று கேட்டமையால் எடுத்தார். அடுத்தடுத்த ஆண்டுகளில் கேட்பாரில்லை; ‘போலீஸ் கேட்டாற் காட்ட ஒரு பேப்பர் போதும்’ என்று இடைநின்றவர் கூறியதை நம்பிக் குறைந்த தொகைக்கு உரியதைப் புதுப்பித்துக்கொண்டார். வழியில் நிறுத்தும் அதிகாரிக்குக் காட்ட அப்பத்திரம் போதியதே. பள்ளத்திற் சாய்ந்த வண்டியை எடுத்து நிறுத்த அது போதவில்லை.

ஆசிரியரிடம் இருந்தது முழுக்காப்பு. எனினும் அங்கும் வழி எளிதாயில்லை. மறுநாட்காலை அவர் தம் கம்பெனிக்குத் தொலைபேசியில் அறிவித்தபோது, மறுமுனையிற் பேசியவர், ‘காட்டு விலங்கால் வந்தது தெய்வச் செயல், அதற்குப் பாலிசியில் இடமில்லை’ என்று கூறி முடித்துவிட்டார். ‘அதனை எழுத்தில் அனுப்புங்கள்’ என்று கேட்டதற்கு விடையில்லை. அதன்பின் யாம் மூவரும் அப்பத்திரத்தை விரித்து வைத்து, தேர்வுக்குப் படிக்கும் மாணவரைப்போல வரிவரியாகப் படித்தோம்.

நம் நாட்டு மோட்டார்ப் பத்திரங்களின் வாசகம் 2002-ஆம் ஆண்டு இந்திய மோட்டார்க் கட்டண விதிகளில் வகுக்கப்பட்டது. கட்டணக் கட்டுப்பாடு 2007-இல் நீங்கிய பின்னரும் அவ்வாசகம் பெரும்பாலும் மாறாமல் வழங்குகின்றது. அதன் முதற் பகுதி எவ்வெவற்றால் வண்டிக்குக் கேடு நேர்ந்தால் ஈடு உண்டு என்று அடுக்கிச் சொல்கின்றது: தீ, வெடிப்பு, தானே பற்றுதல், இடி, களவு, கலகமும் வேலைநிறுத்தமும், நிலநடுக்கம், வெள்ளம், புயல், ஆலங்கட்டி மழை, புறத்திருந்து நேரும் விபத்து, பிறர் தீச்செயல், பயங்கரவாதம், ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்கு ஏற்றிச் செல்லுங்கால் நேரும் கேடு, நிலச்சரிவு. இப்பட்டியலிற் பன்றி என்ற சொல்லும் இல்லை. யானை, மான், குரங்கு என்ற சொற்களும் இல்லை. அச்சொற்களைத் தேடிக் காணாதவரே ‘காட்டு மிருகத்திற்குக் கிடையாது’ என்று சொல்லிவிடுகின்றனர். ‘புறத்திருந்து நேரும் விபத்து’ என்னும் தொடருள் இவையனைத்தும் அடங்கும். எருமை குறுக்கிடினும், பாறை உருளினும், பன்றி பாயினும், அவற்றிற்கு ஒதுங்கி மரத்தில் மோதினும் யாவும் புறத்திருந்து வந்தவையே, எண்ணாமல் நேர்ந்தவையே.

‘தெய்வச் செயல்’ என்ற விடையும் நிற்பதன்று. இடியையும் நிலநடுக்கத்தையும் வெள்ளத்தையும் விட மனிதன் கையில் அடங்காதவை வேறு எவை? அவற்றிற்கே ஈடு தருவதாகப் பத்திரம் வாய்விட்டுச் சொல்லும்போது, பன்றியை மட்டும் தெய்வத்தின் மேல் ஏற்றி விலக்குதல் எங்ஙனம் பொருந்தும்? இதனையே ஒரு கடிதமாக எழுதி, பத்திரத்தின் அப்பகுதியைக் குறிப்பிட்டு, படங்களையும் போலீஸ் பதிவையும் இணைத்து அனுப்பினோம். சில நாட்களில் உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் வந்து வண்டியைப் பார்த்தார், ஈடு ஏற்கப்பட்டது. ஏற்காவிடினும் வழி அடைபட்டதன்று. கம்பெனிக்கு எழுத்தில் முறையிட்டு ஒரு மாதத்தில் தக்க விடை வாராதபோது, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டிற்குள் முறையிடலாம், கட்டணம் இல்லை, தமிழ்நாட்டிற்குரிய அலுவலகம் சென்னையில் உள்ளது. நுகர்வோர் ஆணையத்தை நாடவும் உரிமையுண்டு.

ஈடு ஏற்கப்பட்டதென்றால் செலவு முழுவதும் கிடைத்துவிட்டது என்று பொருளன்று. வண்டியின் வயதிற்கேற்பத் தேய்மானம் கழிப்பர். ரப்பர், பிளாஸ்டிக் பகுதிகளுக்குப் பாதி கழியும், கண்ணாடிக்குக் கழிவில்லை, உலோகப் பகுதிகளுக்கு ஆறு மாதம் வரை கழிவின்றி, மூன்றாண்டு கடந்து நான்காண்டு நிறையாத வண்டிக்கு நூற்றுக்கு 25, பத்தாண்டு கடந்ததற்கு நூற்றுக்கு 50 என்று ஏறிச்செல்லும். ஆசிரியர் வண்டி மூன்றாண்டு கடந்தது. கணக்கு இவ்வாறு முடிந்தது: பிளாஸ்டிக் பகுதிகள் 12,000 ரூபாயில் 6,000, ரேடியேட்டரும் உலோகச் சட்டங்களும் 16,000-இல் 12,000, வண்ணம் பூசுதல் 4,000-இல் 3,500, கூலி 6,000 முழுவதும். ஆகச் செலவு 38,000, ஏற்கப்பட்டது 27,500. அதிலும் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு உரிமையாளர் தாமே ஏற்கவேண்டிய கட்டாயப் பங்கு 1,000 போக, கையில் வந்தது 26,500 ரூபாய். தேய்மானம் கழிக்காத தனிச்சேர்க்கை ஒன்று உண்டு. அதற்கு மிகைத்தொகை கட்டியிருப்பின் இக்கழிவில் பெரும்பங்கு மிஞ்சியிருக்கும்.

மற்றொரு கணக்கும் உண்டு. அதனைப் பலர் எண்ணுவதில்லை. ஈடு கோராத ஆண்டுகளுக்காகத் தரும் தள்ளுபடி முதலாண்டின் பின் நூற்றுக்கு 20, பின்னர் 25, 35, 45, 50 என்று வளரும். ஒருமுறை ஈடு பெற்றால் அது வெறுமையாகி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஆசிரியர் 35-இல் நின்றார். அடுத்த ஆண்டு 45 பெறவேண்டியவர். வண்டிச் சேதத்திற்குரிய பிரிமியம் தள்ளுபடிக்கு முன் ஆண்டிற்கு 8,000 ரூபாய் என்று கொள்வோமாயின், வரும் ஐந்தாண்டுகளில் அவர் இழப்பது முறையே 3,600, 2,400, 2,000, 1,200, 400. ஆகக் கூட்டினால் 9,600. எனவே ஐயாயிரம் ரூபாயில் முடியும் சிறு பழுதிற்கு ஈடு கோருதல் ஆற்றிற் போட்டுக் குளத்தில் தேடுவதாகும். பெரும் பழுதிற்குக் கோராதிருத்தலோ அறியாமை.

இன்னும் ஒன்று. பன்றி மோதி ரேடியேட்டர் உடைந்த வண்டியை, ‘வீடு வரையிற் போய்ச் சேருவோம்’ என்று மீண்டும் முடுக்கினால் எஞ்சின் வெந்து போகும். பழுது நீக்குமுன் ஓட்டியதால் மிகுந்த கேட்டிற்கு உரிமையாளரே பொறுப்பு என்று பத்திரம் தெளிவாகக் கூறுகின்றது. ஆசிரியர் அவ்விடத்திலேயே எஞ்சினை அணைத்து, வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்தார். இழுத்துச் செல்லும் கூலிக்கும் வழக்கமான பத்திரத்தில் 1,500 ரூபாய் வரை இடமுண்டு. செல்லத்தக்க உரிமமின்றி ஓட்டல், மதுவுண்டு ஓட்டல், சொந்தக் காரை வாடகைக்கு விடுதல் ஆகியன இருப்பின் பன்றி எத்துணைப் பெரிதாயினும் ஈடு கிடையாது. நிறுத்திவைத்த வண்டியின் கம்பிகளை எலி கடித்ததற்கு ஈடு உண்டோ என்பது மட்டும் இன்னும் வழக்காடப்படும் பொருளாகவே உள்ளது. எலித்தொல்லை மிக்க ஊரார் பத்திரம் எடுக்கும்போதே அதனைக் கேட்டு எழுதி வாங்குதல் நன்று.

பிறநாட்டார் இவ்விஷயத்தை எவ்வாறு வகுத்தனர் என்பது அறியத்தக்கது. அமெரிக்காவில் மானை மோதினால் ஒரு பிரிவிலும், மானுக்கு ஒதுங்கி மரத்தை மோதினால் வேறொரு பிரிவிலும் ஈடு கேட்கவேண்டும். ஜெர்மனியிற் பகுதிக் காப்பு, வேட்டைச் சட்டத்திற் கண்ட உரோமமுள்ள காட்டு விலங்குகளுக்கே முதலில் வகுக்கப்பட்டது. பன்றி அதனுள் அடங்கும், பறவை அடங்காது. போலீஸாரோ வனக்காவலரோ தரும் சான்று வேண்டும். ஸ்வீடனிற் கடமான், காட்டுப் பன்றி முதலியவற்றை மோதியவர் உடனே போலீஸாருக்கு அறிவித்து, காயமுற்ற விலங்கைத் தேடிவருவோர் அறிய இடத்தை அடையாளமிட்டுச் செல்லவேண்டும் என்பது சட்டம். அந்நாட்டார் வண்டியை எண்ணியது போலவே விலங்கின் வேதனையையும் எண்ணினர். நம் பத்திரம் விலங்கின் பெயரைச் சொல்லாவிடினும் ஒரு தொடரால் யாவற்றையும் தழுவுகின்றது. அத்தழுவலை அறியாதவர்க்கு அது பயன்படாதிருப்பதே குறை.

சிலர், ‘விலங்கு அரசின் உடைமையாயின் நஷ்டத்தை அரசே தரட்டும்’ என்பர். மனித உயிருக்கும் காயத்திற்கும் கால்நடைக்கும் பயிருக்கும் தமிழ்நாட்டு அரசு கருணைத்தொகை தருகின்றது. 2025-ஆம் ஆண்டில், காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடலாகாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், அதற்கப்பால் வனத்துறையினர் சுடலாம் என்று ஒரு முறையும் வகுத்தது. இவை குடியானவர் துயரை ஓரளவு தணிப்பன. வண்டிக்காரர் நம்பியிருக்கத்தக்கன அல்ல. சாலையையே இரவில் அடைத்த இடங்களும் உண்டு. கர்நாடகத்துப் பந்திப்பூரில் 2009 முதலும், நம் திம்பம் மலைப்பாதையில் உயர்நீதிமன்ற ஆணைப்படி 2022 பிப்ரவரி முதலும் இரவுப் போக்குவரத்திற்குத் தடை ஏற்பட்டது. அவை புலிகள் காப்பகங்கள். நைனார்பாளையத்துச் சாலையை யாரும் அடைக்கப்போவதில்லை, அடைக்கவும் இயலாது. எனவே ஓட்டுவோரின் நிதானமே அங்குக் காவல். அறுவடைக் காலத்தில் அந்தியிலும் விடியலிலும் வேகத்தைத் தணித்தல், ஒன்று கடந்ததும் அடுத்ததை எதிர்பார்த்து நிற்றல், திடீரென்று திருப்பாமல் நேரே நின்று தடையை மிதித்தல் ஆகிய இவை செலவில்லாக் காப்பீடு.

குட்டியானைக்காரர் நிலை யாதாயிற்று என்று அன்பர் வினவக்கூடும். அவர் வண்டியை நிமிர்த்திப் பழுதுபார்க்க 68,000 ரூபாய் ஆயிற்று. மனைவியின் சங்கிலி அடகிற்குப் போயிற்று. வண்டி பட்டறையிற் கிடந்த ஆறு வாரமும் அவர் பிறர் வண்டிக்குக் கூலி ஓட்டியாகப் போனார், தவணையோ நிற்கவில்லை. சோளத்திற்குரிய குடியானவர் சிந்திய மூட்டைக்கு விலை கேளாது விட்டது அவர் பெருந்தன்மை. இவ்வண்டிக்காரர் சோம்பரல்லர், குடியரல்லர், அன்றிரவு வேகமாகவும் வந்தாரல்லர். ஆசிரியருக்கும் அவருக்கும் இடையே இருந்த வேற்றுமை பத்திரத்தின் தலைப்பில் அச்சிட்ட இரண்டொரு சொற்களே. நஷ்டத்தைத் தாங்கும் வலிமை ஆசிரியருக்கு ஓரளவு உண்டு. அவருக்கு ஈடு கிடைத்தது. தாங்க வலியற்றவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. காப்பீடு யாருக்கு மிகவும் வேண்டுமோ அவரே அதனைக் குறைத்து வாங்குகின்றார். எடுத்துச் சொல்வார் இல்லாமையே இதற்குப் பெரிதும் காரணம் என்று எண்ணுகின்றோம்.

காப்பீடு மேனாட்டார் கொணர்ந்த புதுமை என்பார்க்கு ஒன்று கூறுவோம். நம் கிராமத்துக் கலியாண வீட்டில் மொய் எழுதுகின்றோம். இன்று நாம் எழுதியது நாளை நம் வீட்டு விசேஷத்தில் நமக்குத் திரும்பும். ஒருவர் மேல் விழும் சுமையை ஊரே பங்கிட்டுக்கொள்ளும் வழி அது. கூரை எரிந்தவனுக்கு ஊரார் ஆளுக்கொரு கட்டு ஓலை கொடுத்ததும் இவ்வழியே. பிரிமியம் என்பது முகமறியா அயலார் பலர் சேர்ந்து எழுதும் மொய். பன்றி யார் வண்டியில் மோதுகின்றதோ அவருக்கு அது போய்ச் சேருகின்றது. மொய் நோட்டைப் பத்திரமாக வைத்து அவ்வப்போது புரட்டிப் பார்க்கும் நம்மவர், இப்பத்திரத்தை மட்டும் வண்டியின் இழுப்பறையில் மடித்துப் போட்டு மறந்துவிடுகின்றனர்.

மாணவ நண்பர்களே! உங்களுள் பலர் கல்வராயன் மலையடிவாரம் போன்ற ஊர்களிலிருந்து வந்தவர்கள். உங்கள் தந்தையாரோ தமையனாரோ வண்டி வைத்துப் பிழைக்கலாம். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அவர்தம் பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். தலைப்பில் மூன்றாம் தரப்பு மட்டும் எழுதியுள்ளதா, வண்டிச் சேதமும் சேர்ந்துள்ளதா, எந்நாளில் முடிகின்றது, எவை விலக்கப்பட்டுள்ளன என்னும் நான்கினையும் தமிழிற் சொல்லுங்கள். 2019 செப்டம்பர் தொடங்கி, மூன்றாம் தரப்புப் பத்திரம் ஓரிடத்தில் இருப்பினும் வண்டிச் சேதத்திற்கு மட்டும் தனிப்பத்திரம் வேறிடத்தில் வாங்கும் வசதி கார்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் உண்டு என்பதையும் கூறுங்கள். சரக்கு வண்டிக்காரருக்கு முழுக்காப்பிற்கு ஆகும் மிகைத்தொகையைக் கேட்டறிந்து, ஒரு மாதத் தவணையோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். ஒரு மாலைப் பொழுதில் முடியும் வேலை இது. அடுத்த தை பிறக்குமுன் அதனைச் செய்து முடிப்பீராயின், அறுவடைக் கொல்லையிலிருந்து பன்றி புறப்படும் இரவிற் சில குடும்பங்களேனும் சங்கிலியை அடகு வைக்காமற் பிழைக்கும்.